உட்கார்ந்து எறிபவர்கள் நாற்காலியில் கோட்டைவிடும் இடங்கள்

பாரா தடகளத்தில், நின்று எறிய முடியாத மாற்றுத்திறனாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து எறியும் போட்டிகளுக்கு வரும் இளைஞர்கள் முதலில் தோள் பலத்தைத்தான் தேடுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் மீட்டர்கள் தொலைவது பெரும்பாலும் நாற்காலியில்.

இருக்கையின் உயரம் மெத்தையையும் சேர்த்து 75 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. நாற்காலியின் இரும்புச் சட்டத்தையே 75க்கு வெல்டிங் செய்துவிட்டு, அதன்மேல் 4 செ.மீ. மெத்தை போட்டால் போட்டிக்கு முந்தைய பரிசோதனையிலேயே நாற்காலி நிராகரிக்கப்படும். இருக்கை முன்பக்கம் சரிந்திருப்பதும் விதிமீறல்தான். மட்டமாகவோ பின்புறம் சாய்ந்தோ இருக்கலாம். எறியாத கையால் பற்றி இழுக்கும் பிடிகம்பிக்கு மெல்லிய குழாய் வேண்டாம். இழுக்கும்போது வளைந்தால் நடுவர் விடமாட்டார். கம்பியை உடம்புக்கு ஒட்டி நிறுத்துவதும் தவறு. குண்டு எறிதலில், குண்டைக் கழுத்தில் வைத்து உடலைப் பின்னால் திருப்பிய நிலையில், மறுகையின் முழங்கை கிட்டத்தட்ட நீண்டிருக்கும் இடத்தில் கம்பி வரவேண்டும். அதற்குள் முழங்கை மடங்கிவிட்டால் இழுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அதிகம் ஃபவுல் (செல்லாத எறிதல்) வாங்கித் தருவது இருக்கையிலிருந்து பிட்டம் எழும்புவதுதான். உடலை இருக்கையோடு பிணைக்கும் பெல்ட்டைத் தொடையின் நடுவில் கட்டினால் அதுவே கீல் போலாகிவிடும், பின்பக்கம் தூக்கும். இடுப்பு மடிப்பை ஒட்டிக் கட்டுங்கள், இழுபடாத பட்டையால். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: இரண்டு பக்கமும் பிட்டத்தின் கீழே ஒவ்வொரு தாளைச் செருகி, குண்டில்லாமல் மெதுவாக எறியும் அசைவைச் செய்யச் சொல்லுங்கள். உதவியாளர் தாளை லேசாக இழுத்தபடி இருக்கட்டும். உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் எழும்புகிறது.

பெரிய போட்டிகளில் ஒருவர் தன் எறிதல்களை அடுத்தடுத்து முடித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம். பயிற்சியில் நடுவே 5 நிமிடம் ஆறப்போட்டுப் பழகியவர் இங்கே திணறுவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் எஃப்51 (கை, கால், உடல் இயக்கம் மிகவும் குறைந்தவர்களின் பிரிவு) கிளப் எறிதலில், அதாவது மரக்கட்டை எறிதலில், இந்தியாவின் தரம்பீருக்கு முதல் நான்கும் ஃபவுல். ஐந்தாவதில் 34.92 மீட்டர், தங்கம்.

45 பாகையில் எறி என்ற பள்ளிக்கூடக் கணக்கைக் குண்டுக்குப் போடாதீர்கள். குண்டு கையை விடும் இடம் தரையைவிட உயரத்தில் இருப்பதால் சரியான கோணம் அதற்குக் கீழேதான்.

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு உணர்ச்சியற்ற தோலில் பெல்ட் அழுத்துவது தெரியாது. பயிற்சி முடிந்ததும் தொடை, பிட்டம் இரண்டையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மணி கழித்தும் சிவப்பு மறையவில்லையென்றால், அது ஆறும்வரை நாற்காலி பக்கமே போகக்கூடாது. காயம் மார்புப்பகுதிக்கு மேலே என்றால் கீழுடம்பு சரியாக வியர்க்காது. குடிதண்ணீர் மட்டும் போதாது, தோலில் தெளிக்கவும் தண்ணீர் வேண்டும்.

வகைப்பாட்டை, அதாவது குறைபாட்டின் அளவைப் பரிசோதித்து எஃப்51, எஃப்52 போன்ற பிரிவில் சேர்ப்பதை, கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. மருத்துவ ஆவணங்களை முன்பே திரட்டி, சர்வதேச வகைப்பாட்டை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடியுங்கள். டோக்கியோ பாராலிம்பிக்ஸில் எஃப்52 வட்டு எறிதலில் மூன்றாவதாக வந்த இந்திய வீரரின் வெண்கலம், வகைப்பாட்டுச் சிக்கலால் மறுநாளே கைவிட்டுப் போனது.