பேராசிரியரின் எச் குறியீடு 18. அதாவது, பிற கட்டுரைகளில் தலா 18 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 18 உண்டு. சரி, எந்தத் தரவுத்தளத்தில்?

பதவி உயர்வுக் குழுவில் உட்காருபவர் கைக்கு ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்பே எண்கள் வந்துவிடும். ஒவ்வோர் எண்ணும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வேறு கேள்விக்கு அதை இழுத்தால்தான் சிக்கல்.

ஆய்விதழின் இம்பேக்ட் ஃபேக்டரைக் கட்டுரையின் தலையில் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஓர் இதழ் 2022, 2023இல் வெளியிட்டவற்றை 2024இல் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்த ஈராண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024க்கான இம்பேக்ட் ஃபேக்டர் கிடைக்கும். வெறும் சராசரி. தலையங்கத்துக்கும் வாசகர் கடிதத்துக்கும் வரும் மேற்கோள்கள் மேலே சேரும். அவை கீழே வகுக்கும் எண்ணில் சேராது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழுக்கு 2008இல் சுமார் 2 ஆக இருந்த இந்த எண், 2009இல் 49ஐத் தாண்டியது. ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி 2008இல் வந்த ஒரே கட்டுரைதான் காரணம். மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஒரே ஆண்டில் இருபது மடங்கு உயர்ந்துவிடவில்லையே! ஆளை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் (டோரா) நேரடியாகவே சொல்கிறது.

எச் குறியீடு 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. தலா 500 மேற்கோள் பெற்ற ஐந்தே கட்டுரைகள் எழுதியவருக்கு 5. தலா 12 மேற்கோளுடன் பன்னிரண்டு எழுதியவருக்கு 12. யார் பெரியவர்? அது போக, கூகல் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகளையும் முன்வரைவுகளையும் எண்ணுவதால் பொதுவாக ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். இருவரை ஒப்பிட்டால் ஒரே தளம், ஒரே தேதி, ஒரே துறை.

துறைவாரியாகச் சமன்செய்த மேற்கோள் விகிதம் இவற்றைவிட நியாயமானது. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரி மேற்கோளால் வகுப்பதுதான் அது. 1 என்றால் உலகச் சராசரி. ஆனால் மூன்று கட்டுரைகளுக்கு 0.4, 0.6, 11 என்றிருந்தால் சராசரி 4 என்று வரும். அந்த 4ஐ நம்பி யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தையோ தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடத்தையோ ஆராய்பவர் தமிழில் எழுதினால், அவருடைய நூல்களும் மாநாட்டு மலர்க் கட்டுரைகளும் பெரும்பாலும் இந்தத் தளங்களில் ஏறுவதே இல்லை. அங்கே பூஜ்யம் என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருளாகாது. உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வைக் காக்க வேண்டும் என்பது ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றிய 2015 லைடன் அறிக்கையின் மூன்றாவது கொள்கை. தமிழ் படிக்கத் தெரிந்த இருவரிடம் கட்டுரையைக் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். பாடத்திட்டத்திலோ ஆசிரியர் பயிற்சியிலோ அது பயன்பட்டதா என்று கேளுங்கள்.

இன்னொன்று நம்மவர் பெயர். குடும்பப்பெயர் இல்லாததால் ஓரிடத்தில் முதலெழுத்தோடும் இன்னோரிடத்தில் அப்பா பெயரோடும் பதிவாகி, ஒருவரே இருவராகப் பிரிந்துகிடப்பார். அல்லது வேறொரு குமாரின் கட்டுரைகள் இவர் கணக்கில் ஏறியிருக்கும். ஒவ்வோர் ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஓர்கிட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குழு கூடுவதற்கு முன் பட்டியலை அவரிடமே காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.