காந்தத்தை வச்சு ஓடை மணல்ல தாது தேடுறது எப்படி

பெசன்ட் நகர் பீச்சுல காந்தத்த வச்சா கறுப்பா ஒட்டிக்கிட்டு வரும்ல, அதுல முக்கியமானது மேக்னடைட்ங்கிற இரும்பு ஆக்சைடு கனிமம். கை பழக அந்த மணல் போதும், ஆனா தாது தேட கடற்கரை சரிப்படாது, அலை எங்கெங்கிருந்தோ வந்ததெல்லாம் கலந்து வச்சிருக்கும். அதுக்கு மலையடி சின்ன ஓடைக்குத்தான் போகணும், அங்க கிடைக்கிற மேக்னடைட் மேல இருக்கிற பாறையில இருந்து அடிச்சுட்டு வந்தது, எந்த மாதிரி பாறைன்னு அதை வச்சே பாக்கலாம்.

காந்தம் ரிச்சி தெருவுல கிடைக்கிற பழைய ஸ்பீக்கர் காந்தமே போதும். ரொம்ப பவரான நியோடிமியம் வாங்காதீங்க, அது இல்மனைட் (டைட்டானியம் கலந்த இரும்புக் கனிமம்), கார்னெட் மாதிரி லேசா ஒட்டுற கனிமங்களையும் சேத்து இழுத்துடும்.

ஓடை வளைவோட உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்னாடி, இப்படி தண்ணி வேகம் குறையிற இடத்துல மணல் எடுங்க, எல்லா இடத்துலயும் ஒரே அளவு, ஜிபிஎஸ் குறிச்சுக்கோங்க. 2 மிமீ சல்லடையில சலிச்சு பிளாஸ்டிக் பேசின்ல அலசுனா குவார்ட்ஸ் (அடர்த்தி 2.65) போயிடும், மேக்னடைட் (5.2 கிட்ட) அடியில நிக்கும். நல்லா காயவச்சு, காந்தத்த பாலிதீன் கவருக்குள்ள போட்டு மேல தடவுங்க, வேற பேப்பருக்கு மேல கொண்டுபோய் காந்தத்த மட்டும் உருவுனா எல்லாம் கொட்டிடும். நடுவுல சிக்குன குவார்ட்ஸ் போக ரெண்டு மூணு தடவ பண்ணணும். ஒட்டாதத தூக்கிப் போட்டுடாதீங்க, நம்ம வெயில் மழையில மேக்னடைட் ஹெமடைட்டா (இன்னொரு இரும்பு ஆக்சைடு) மாறி காந்தத்துக்கு ஒட்டாமலும் கிடக்கும்.

நிறைய வந்துச்சேன்னு மட்டும் சந்தோஷப்படாதீங்க. பல்லாவரம் மலையில இருக்கிற சார்னோகைட்ங்கிற சாதாரண பாறையிலயே மேக்னடைட் இருக்கு, அங்க தாது ஒண்ணும் இல்ல. எடைய விட ஒவ்வொரு மேக்னடைட் மணிக்குள்ள (துகளுக்குள்ள) டைட்டானியம், வனேடியம், குரோமியம், நிக்கல் எவ்வளவுங்கிறதுதான் பேசும். சேலம் கஞ்சமலை மாதிரி வரி வரியான இரும்புப் பாறையில வந்ததுல டைட்டானியம் ரொம்ப கம்மி, நிக்கலும் குரோமியமும் ஏறியிருந்தா மேக்னீசியம் நிறைஞ்ச கரும்பாறைப் பக்கம் சந்தேகப்படலாம். இத பாக்க மணிகள எபாக்ஸி பசையில பதிச்சு பாலிஷ் பண்ணி மைக்ரோப்ரோப்ல (ஒவ்வொரு மணியிலயும் எந்தத் தனிமம் எவ்வளவுன்னு அளக்குற லேப் கருவி) போடணும். 2011ல டூப்வி, போடுவான்னு ரெண்டு ஆய்வாளர்கள் எந்தத் தாது வகைக்கு எந்த அளவுன்னு காட்டுற வரைபடங்கள் போட்டிருக்காங்க, அதுல உங்க புள்ளிகள் எங்க விழுதுன்னு பாருங்க. ஆனா முதல்ல மைக்ராஸ்கோப்ல பாத்துடுங்க, மணிக்குள்ள இல்மனைட் கோடு ஓடுச்சுன்னா டைட்டானியம் அளவு ஏறி தப்பா காட்டும்.

எண்ணூர் பக்கம் எடுத்தா பளபளன்னு உருண்டையா வர்றது அனல் மின் நிலைய சாம்பல், கனிமம் இல்ல, லென்ஸ்ல பாத்து தள்ளுங்க.

தாதுல இருந்து வந்த மாதிரி தெரியிற மணி கிடைச்சா ஓடையில மேல மேல போங்க, ரெண்டு ஓடை சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு கிளையிலயும் தனித்தனியா எடுங்க, அந்த வகை மணி எந்தக் கிளையில நிக்குதோ அந்தப் பக்கம்தான் நடக்கணும்.