பழைய படம் போரடிக்குதா? முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள்

உலக சினிமா பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு 'டாப் 100' பட்டியல். சிக்கலே அங்கேதான். 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கிப் போடும் பட்டியலில் 2022-ல் முதலிடம் பிடித்தது, சாந்தால் அக்கெர்மான் 1975-ல் எடுத்த 'ஷான் தியெல்மான்'. 201 நிமிடம். ஒரு விதவை உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், காமிரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அசாத்தியமான படம்தான், ஆனால் நம்பர் ஒன் என்பதற்காக அதிலிருந்து ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் கை மொபைலுக்குப் போய்விடும், அப்புறம் "நமக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவோம். அதற்குப் பதில் ஏற்கெனவே பிடித்த வகையிலிருந்து நுழையுங்கள். த்ரில்லர் பிடிக்குமா, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) இருக்கிறது: செருப்பு கம்பெனி அதிகாரி ஒருவரின் மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள், பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற இழுபறி ஏறக்குறைய ஒரே ஹாலுக்குள் நடக்கிறது.

அடுத்தது யாரும் பெரிதாகப் பேசாத தவறு, என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. நிறைய டிவிகளில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்று ஒன்று வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும் (ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும்). சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், டிவியோ நடுவில் தானே ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகும், பார்த்தால் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். 1950-க்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதைப் பொறுக்காமல் ஸ்க்ரீன் முழுக்க இழுத்துவிட்டால் எல்லார் முகமும் வீங்கிவிடும், ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும். ஊமைப்படங்களில் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவதும் பாதி இந்த மாதிரிக் கோளாறுதான்: பல படங்கள் 24-ஐ விடக் குறைந்த வேகத்தில் கையால் சுற்றி எடுக்கப்பட்டவை, பிற்காலக் கருவியில் ஓட்டினால் வேகம் கூடிவிடும். சீர்செய்து வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) படத்தில் பாலம் இடிந்து ஆற்றில் விழுவது நிஜ ரயில் எஞ்சின், மங்கலான பிரதியில் பார்த்தால் பொம்மை என்று நினைத்துவிடுவீர்கள்.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல், எதைப் பார்த்தாலும் 'எங்கிருந்து சுட்டது' என்று துப்பறிவது. 'அந்த நாள்' (1954) என்றதும், ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் குரோசாவாவின் 'ராஷோமோன்' என்பார்கள். சரி, பாதிப்பு இருக்கிறது. ஆனால் குரோசாவா உண்மை எது என்பதைத் தொங்கலில் விடுகிறார், எஸ். பாலசந்தர் சென்னையில் குண்டு விழுந்த யுத்தகாலத்தை எடுத்துக்கொண்டு, பாட்டே இல்லாமல், சிவாஜியைக் கொலையுண்டவராக்கி, கொலையாளியைக் கண்டுபிடித்தே தீருகிறார். இரண்டுக்கும் நோக்கமே வேறு. குரோசாவாவின் 'யோஜிம்போ'வும் (1961) இப்படித்தான் இத்தாலிக்குப் போய் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆனது, வழக்கு வரை போனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி சுகம்.

ஒரே படத்தை வைத்து இயக்குநருக்கு முத்திரை குத்துவதும் வேண்டாம். சத்யஜித் ராய் என்றாலே வறுமை, அழுகை என்று ஒதுங்குகிறவர்கள் பேய்கள் கும்பலாக ஆடும் 'கூபி கைன் பாகா பைன்' (1969) எடுத்ததும் அவர்தான் என்றால் நம்ப மாட்டார்கள். 1974-ல் வந்த 'சோனார் கெல்லா' துப்பறியும் கதை, பூர்வ ஜென்ம நினைவு வந்த ஒரு பையனோடு ராஜஸ்தான் வரை போகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ராயை அங்கிருந்து தொடங்கலாம், சப்டைட்டிலை மட்டும் நீங்கள் சத்தமாகப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.