கப்பி மீன் தொட்டியில் பிஎச் சரிவை நிறுத்திய விதம்

ஆர்ஓ நீர் மட்டுமே ஊற்றிவந்த எங்கள் தொட்டியில், கப்பிகள் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கியபடி நின்றன. நீரில் கார்பனேட் கூடக்கூட மஞ்சளாக அதிகச் சொட்டு மருந்து தேவைப்படும் கார்பனேட் கடினத்தன்மைச் சோதனையில், முதல் சொட்டிலேயே நீர் மஞ்சளானது; அதாவது, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலத்தைத் தாங்க நீரில் கார்பனேட் ஏறக்குறைய மிச்சமில்லை; நீரின் அமிலநிலையைக் காட்டும் பிஎச்சும் (குறைந்தால் அமிலம் கூடுதல்) 6-க்கு இறங்கியிருந்தது. சமையல் சோடா பிஎச்சை விரைவாக ஏற்றிவிடும்தான். ஆனால் அமில நீரில் நச்சு குறைந்த அம்மோனியமாக அடங்கியிருப்பது, பிஎச் சட்டென உயர்ந்தால் நச்சு அம்மோனியாவாக மாறும் என்பதால் சோடாவை நான் தொடவில்லை. மாறாக, வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, நொறுக்கிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தேன். நீர் அமிலமாகும்போதுதான் கிளிஞ்சல் கூடுதலாகக் கரையும் என்பது பெரிய வசதி. இப்போது பிஎச் 7.4-இல் நிற்கிறது, ஐந்தாவது சொட்டில்தான் மஞ்சள் தெரிகிறது.