கூலிப் பட்டறைக் கணக்கும் சிப் பங்கும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் போன வாரம் கேட்டார்: "மாப்பிள்ளை, சிப் ஃபவுண்டரி என்கிறார்களே, அந்தப் பங்கு வாங்கலாமா?" ஃபவுண்டரி என்றால் அவருக்கு இரும்பு வார்ப்பாலைதான். "அது உங்கள் தொழில்தான் மச்சான்" என்றேன். வியாபாரி வெள்ளியைக் கொடுக்கிறார், இவர் கொலுசாக்கிக் கூலி வாங்குகிறார். ஆப்பிளும் என்விடியாவும் வடிவமைப்பைக் கொடுக்கின்றன, தைவானின் டிஎஸ்எம்சி சிப்பாக்கிக் கூலி வாங்குகிறது. 1987இல் தொடங்கியதிலிருந்து அது சொந்தப் பெயரில் சிப் விற்பதில்லை.

இந்தக் கூலிக் கணக்கை மறப்பதுதான் முதல் தவறு. சிப்புக்குத் தேவை கூடுகிறது என்று செய்தி வந்தால் உடனே வாங்கிவிடுகிறோம். எந்திரங்களில் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று கேட்பதில்லை. ஆர்டர் இல்லாத மாதத்தில் மைத்துனர் பட்டறையைப் பாதி நாள் பூட்டி வைக்கலாம், செலவும் பாதியாகும். ஃபவுண்டரியின் பெருஞ்செலவு எந்திரம். ஓடினாலும் நின்றாலும் ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குத் தேய்மானம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் வருவாய் கொஞ்சம் சரிந்தாலே லாபம் பெரிதாக அடிபடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2021இல் சிப் இல்லாமல் கார் ஆலைகளே நின்றன. இனி ஃபவுண்டரிக்கு இறங்குமுகமே இல்லை என்று நம்பி, உச்ச விலையில் ஒரு பங்கை வாங்கினேன். தீபாவளி நெருக்கத்தில் வியாபாரிகள் ஒரே ஆர்டரை நாலு பட்டறையில் சொல்லி வைப்பார்கள். முதல் பட்டறை சரக்கு கொடுத்ததும் மற்ற மூன்றுக்கும் "இப்போது வேண்டாம்" என்று ஆள் வரும். சேலத்தில் பிறந்த எனக்கு இது தெரியாததா? ஆனால் சிப் வாங்குபவர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்று தோன்றவில்லை. 2022 நடுவில் முழுவீச்சில் ஓடிய, தைவானின் இன்னொரு ஃபவுண்டரியான யுஎம்சியின் ஆலைகளின் பயன்பாடு, 2023 இறுதியில் 70 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டு டிஎஸ்எம்சியின் டாலர் வருவாய்கூடக் குறைந்தது.

சிப் எவ்வளவு நுணுக்கமானது என்று சொல்லும் நானோமீட்டர் எண் (சிறியதானால் புதிய நுட்பம்) சிறியதாக இருந்தால் போதும் என்று நினைப்பது இன்னொன்று. அமெரிக்க ஃபவுண்டரியான குளோபல்ஃபவுண்டரீஸ் 2018இல் 7 நானோமீட்டர் முயற்சியையே கைவிட்டது. கார்களுக்கும் சார்ஜர்களுக்கும் பழைய தொழில்நுட்பச் சிப்புகளே போதும் என்பதால் இன்றும் பிழைக்கிறது. அதற்காகப் பழையதே பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது, சீன ஆலைகள் அங்கேதான் குவிகின்றன. சாதாக் கொலுசை யாரும் செய்வார்கள், கூலி இறங்கும். நுணுக்க வேலை இரண்டு மூன்று பட்டறைகளுக்குத்தான் வரும், அவர்கள் சொன்னதுதான் கூலி. ஆனால் அங்கே சேதாரமும் அதிகம். ஒரு வேஃபரில், அதாவது சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டத் தகட்டில், எத்தனை சிப் நல்லபடியாகத் தேறுகிறது என்பதுதான் ஃபவுண்டரியின் சேதாரக் கணக்கு. "புதிய நுட்பம் தயார்" என்ற அறிவிப்பில் அது இருக்காது. அனுபவமும் பணமும் உள்ள இன்டெலின் ஃபவுண்டரிப் பிரிவே 2023இல் சுமார் 700 கோடி டாலர் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது.

நம் ஊரில் நடக்கும் வேடிக்கை தனி. குஜராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாயில் சிப் ஆலை வருகிறது என்றதும் டாடா என்று பெயருள்ள எந்தப் பங்கானாலும் வாங்கியவர்கள் உண்டு. ஆலையைக் கட்டுவது டாடா எலக்ட்ரானிக்ஸ், அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. அதே மாநிலத்தின் சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான் அமைத்திருப்பது சிப்பை உறையிட்டுச் சோதிக்கும் ஆலை. மட்டமான தொழிலல்ல, ஆனால் ஃபவுண்டரியும் அல்ல.

டிஎஸ்எம்சியின் நியூயார்க் விலையைத் தைபே விலையோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நியூயார்க்கில் ஒரு பங்கு என்பது தைபேயில் ஐந்து.

தைவானில் பட்டியலிட்ட நிறுவனங்கள் முந்தைய மாத வருவாயை மாதந்தோறும் 10ஆம் தேதிக்குள் வெளியிட வேண்டும் என்று மைத்துனரிடம் சொன்னேன். பட்டறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், வெள்ளி விலை குறித்து வைக்கும் கட்டங்களுக்கு நடுவே, 10ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். பங்கு இன்னும் வாங்கவில்லை.