வீட்ல கட்டின ட்யூப் ஆம்ப்ல டோனை சரி பண்றது எப்படி

ஆம்ப் கட்டி முடிச்சு கிட்டாரை சொருகினதும் சத்தம் வந்துட்டா வர்ற சந்தோஷம் ரெண்டு நாள் தான், மூணாவது நாள் ஆறாவது கம்பி ஏன் இப்படி கொழகொழன்னு கேக்குதுன்னு மனசு அரிக்க ஆரம்பிச்சிடும். உடனே விலை கூடுன ட்யூப் வாங்க ஓடாதீங்க, பாதி வேலை சின்ன கெபாசிட்டர்ல இருக்கு.

முதல்ல உயிர் முக்கியம். பிளக்கை புடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர்ல (சப்ளை வோல்டேஜை சமப்படுத்துற பெரிய கெபாசிட்டர்) 400 வோல்ட்டுக்கு மேல கூட அப்படியே நிக்கும், ஆளையே அடிச்சிடும், அதனால ஒரு ரெசிஸ்டர் வழியா அதை இறக்கி, மீட்டர்ல பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்துடுச்சான்னு பாத்துட்டு தான் உள்ள கை வைக்கணும். ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

அடுத்து பயாஸ், அதாவது வாசிக்காம சும்மா இருக்கும்போது பவர் ட்யூப்ல எவ்ளோ கரண்ட் ஓடணும்னு செட் பண்றது. ஃபிக்ஸட் பயாஸ்ல (தனியா மைனஸ் வோல்டேஜ் குடுத்து செட் பண்றது) இஎல்34ங்கிற பவர் ட்யூப் போட்டிருந்தா, அதோட பிளேட் தாங்குற லிமிட் 25 வாட், அதுல 70 சதவீதம் 17.5, பிளேட்ல (ட்யூபோட பாசிட்டிவ் முனை) 450 வோல்ட் இருந்தா ஒரு ட்யூபுக்கு சுமார் 39 மில்லிஆம்ப். கேத்தோடுல (எலக்ட்ரான் கிளம்புற முனை) 1 ஓம் ரெசிஸ்டர் வச்சிருந்தா மீட்டர்ல 39 மில்லிவோல்ட்னு நேராவே காட்டும். பிளேட் செவந்து ஒளிர்ந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப டோன். என் ஆம்ப்ல முதல் ப்ரீஆம்ப் ட்யூப் 12ஏஎக்ஸ்7 கேத்தோடுல 1.5 கிலோஓம் ரெசிஸ்டர், அதுக்கு பேரலலா 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்துச்சு, அது கீழ் பேஸ் மொத்தத்தையும் தூக்கி விடும், டிஸ்டார்ஷன் ஏத்தினதும் எல்லாம் சேறு மாதிரி ஆயிடும். அதை கழட்டிட்டு 0.68 போட்டேன், அவ்ளோ தான், கிட்டார்ல பவர் கார்ட் (chord) வாசிச்சா ஒவ்வொரு அடியும் தனித்தனியா நறுக்குன்னு விழுந்துச்சு. ஆனா க்ளீன்ல கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருந்ததால இப்ப 1 மைக்ரோஃபாரட்ல நிக்குது. இன்னும் பேஸ் குறையணும்னா கப்ளிங் கெபாசிட்டரை (ஒரு ஸ்டேஜ்ல இருந்து அடுத்ததுக்கு சிக்னலை கடத்துறது) 0.022 மைக்ரோஃபாரட்ல இருந்து 0.01க்கு இறக்கலாம். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாம போயிடும்.

ஹம் (வாசிக்காதப்பவும் கேக்குற ரீங்காரம்) இருந்தா முதல்ல அது எந்த ஹம்னு காதுல பிரிச்சுக்கணும். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸா இருக்குற இடத்துல, ஆழமான 50 ஹெர்ட்ஸ் உறுமல்னா பெரும்பாலும் ட்யூபை சூடாக்குற ஹீட்டர் வயர், நல்லா முறுக்கி சேஸிஸ் மூலையோட ஒட்டி ஓட்டுங்க. கொஞ்சம் கரகரன்னு 100 ஹெர்ட்ஸ்னா ஃபில்டரிங் இல்ல கிரவுண்ட் பக்கம் பாருங்க. ஆம்ப் ஆன்ல இருக்கும்போது வயரை நகர்த்திப் பாக்கணும்னா காஞ்ச நீளமான மரக்குச்சி தான், இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள.