முகம் பொருந்துகிறது என்று காவலர் சொன்னால் செய்ய வேண்டியவை

ஓசூர் பேருந்து நிலையத்திலோ தருமபுரி நான்கு ரோட்டிலோ இரவுச் சோதனையின்போது காவலர் ஒருவர் கைப்பேசியில் உங்கள் முகத்தைப் படமெடுத்து, பழைய குற்றவாளி ஒருவரின் படத்தோடு அது பொருந்துவதாகச் சொல்லக்கூடும். தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முக அடையாள மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெங்களூரில் கட்டட வேலை முடித்து நள்ளிரவில் ஊர் திரும்புபவர்களும், சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் அவசியம்.

அந்த மென்பொருள் முகத்தை எண்களாக்கி, சேமிப்பிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. 'இவர்தான்' என்று அது உறுதி சொல்வதில்லை. ஆயிரம் ஒப்பீட்டுக்கு ஒன்றுதான் தவறு என்று வைத்துக்கொண்டாலும், 5 லட்சம் படங்களோடு ஒப்பிட்டால் 500 தவறான பொருத்தங்கள் வரும். டெல்லி காவல்துறை 80 விழுக்காடு ஒத்திருந்தாலே பொருந்தியதாகக் கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022-இல் பதிலளித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020-இல் இப்படிப்பட்ட தவறான பொருத்தத்தால் கைது செய்தது.

படமெடுக்கும்போது கையைத் தட்டிவிடவோ வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். எந்தச் சட்டப் பிரிவின்படி எடுக்கிறீர்கள் என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் முதன்மையாகத் தண்டனை பெற்றவர்கள், கைதானவர்கள், நீதித்துறை நடுவர் உத்தரவிட்டவர்கள் ஆகியோரைப் பற்றியது. வழியில் போகிறவர்களைப் பற்றியதல்ல. காவலரின் பெயர், நிலையம், நேரம், இடம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்கு வரச் சொன்னால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 35(3) பிரிவின்படி எழுத்துப்பூர்வ அறிவிப்பைக் கேளுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்வதும், உறவினருக்குத் தெரிவிப்பதும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்துவதும் காவல்துறையின் கடமை. கைதுக் குறிப்பாணையில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். சம்பவ நேரத்தில் நீங்கள் வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் பேருந்துச் சீட்டு, ஆலை வருகைப் பதிவு, யு.பி.ஐ. பரிவர்த்தனை ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள். மதிப்பெண்ணை முறியடிக்கும் வலுவான சான்றுகள் இவையே.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். 'ஏன் எடுத்தீர்கள்?' என்று விளக்கம் கேட்டால் மனு எளிதில் தட்டிக்கழிக்கப்படும். ஆகவே ஆவண நகல்களையே கேளுங்கள். பொருந்தியதாகக் கொள்ளும் விழுக்காட்டை வகுத்த உத்தரவு, படங்களைச் சேமிக்கும் கால அளவு பற்றிய சுற்றறிக்கை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. 2024-இல் இதே காவல்துறை மென்பொருளின் தளத்துக்குள் வெளியார் ஊடுருவியதை நினைத்தால், கால அளவு பற்றிய கேள்வியை விட்டுவிடவே கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கைதாகிப் பின்னர் விடுதலையானவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேற்சொன்ன 2022 சட்டப்படி பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க முடியும். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ இறுதியாக விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை, அவை அழிக்கப்பட வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து, அழிக்கக் கோரும் மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.